நான் பிளக்கைத் தொடவில்லை

ராமகுப்பம்,
3 ஏப்ரல் 2025

கலைவாணிக்கு நைனா ஏகாம்பரம் எழுதுவது.

உகாதிக்கு வந்தவள் போளி ஆறுவதற்குள் திருப்பதி பஸ் ஏறிவிட்டாய். ஏறும்போது, "இனிமே உன்கிட்ட போன்ல பேச மாட்டேன் நைனா" என்று சொன்னாய். போனில் பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய். கடிதம் படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த வழியைக் கண்டுபிடித்தது நான் இல்லை, உன் அம்மா. "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்திக்கினே கிடக்கிறீங்க. எழுதறப்ப எப்படிக் கத்துவே?" என்றாள். போஸ்டாபீசில் கவர் கேட்டேன். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "கோர்ட்டு கேஸா அண்ணா?" என்றது. கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

கேஸ் என்ன என்று எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து.

நாம் பட்டுப்புழு வளர்க்கிற மனையில் நீ ஒரு பெட்டி வைத்தாய். அது சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் தானாகத் தண்ணீர்ப் புகை அடிக்கும், இறங்கினால் நிறுத்தும். பட்டுப்புழுவுக்கு அதைவிட சொகுசு வேண்டாம். நானோ தினமும் படுக்கப் போகும் முன் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காலையில் சொருகியிருக்கிறேன். அதை அந்தப் பெட்டியே தனக்குள் எழுதி வைத்திருந்தது. நீ உகாதியன்று திறந்து பார்த்துவிட்டாய். "என் வேலை மேல உனக்கு நம்பிக்கை இல்லை" என்றாய்.

உன் வேலை மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கரண்டு மேல்தான் இல்லை. வீட்டில் எந்த பிளக்கையும் சொருகி வைத்துவிட்டு என்னால் தூங்க முடியாது. ஃப்ரிட்ஜைப் பிடுங்கி வைத்துப் பால் திரிந்து உன் அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது உனக்குத் தெரியாததா? பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் நான். மூன்றாவது தடவை எழுத வாத்தியாருக்கே மனசு வரவில்லை. கரண்டு எப்படி ஓடுகிறது என்ற பாடம் அந்தப் புத்தகத்தில் கடைசியில் இருந்தது. நான் அதுவரை போகவில்லை.

அடுத்த வாரம் புதுப் புழு வருகிறது. அது தட்டில் ஏறியதிலிருந்து கூடு கட்டும் வரை நான் பிளக்கைத் தொட மாட்டேன். நீ சொன்னால்தான் தொடுவேன். இது வாக்கு.

இன்னொன்று. சண்டையில் "இந்த லூப்பை எழுத நான் பட்ட பாடு தெரியுமா?" என்று கேட்டாய். தெரியாது. சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.

நைனா


திருப்பதி,
8 ஏப்ரல் 2025

நைனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் ஆபீசில் ஒரு தனி மாதிரியான மொழியில்தான் புரோகிராம் எழுதுகிறோம். அதில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு கொடுத்துவிட்டால் அது மாறவே மாறாது. "சூடு 27" என்று சொல்லிவிட்டால் அந்தச் சூடு என்றைக்கும் 27தான். 28 ஆனால் அது வேறு ஒன்று, அதற்கு வேறு பெயர். மற்ற மொழிகளில் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது, சுலபம். ஒரு இடத்தில் எண்ணை எழுதிக்கொள்வோம், ஒவ்வொரு சுற்றுக்கும் அழித்து மாற்றி எழுதிக்கொண்டு மேலே போவோம். இந்த மொழியில் அழிக்க முடியாது. அதனால் லூப் என்று ஒன்று கிடையாது. ஒருவன் ஒரு தடவை வேலையைச் செய்வான். அடுத்த சுற்றுக்குத் தன்னையே மறுபடி கூப்பிட்டு, "இதுவரை கணக்கு இவ்வளவு" என்று கையில் கொடுத்து அனுப்புவான்.

எனக்கு அப்படி யோசிக்க வரவில்லை. இதைச் செய், பிறகு அதைச் செய், முடியும்வரை திரும்பச் செய் என்று வரிசையாக எழுதித்தான் பழக்கம். அந்த மொழியிலும் மாற்றி எழுதக்கூடிய டப்பா ஒன்று உண்டு. மனசில்லாமல்தான் கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு "திரும்பச் செய்" என்ற சொல்லை நானே அந்த மொழிக்குள் கட்டினேன். என் புரோகிராமை மேலிருந்து கீழே யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்களுக்காகத் தமிழில் ஒரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், பாருங்கள்.

என் சீனியர் சடகோபன் சார் அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். என் புரோகிராமைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும், "கலைவாணி தமிழ் வாக்கியத்தைத் தெலுங்கு வார்த்தையில பேசுதுப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

எனக்கு வேலை நிரந்தரமாவது இந்த லூப்பில்தான் இருக்கிறது. சித்தூர் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றின் குளிர் அறைக்கு இதே லூப் போகப்போகிறது. "எங்கேயாவது ஓட்டிப் பாத்தியா?" என்று சார் கேட்டபோது, "எங்க ஊர்ல ஜனவரியிலிருந்து ராப்பகலா ஓடுது சார்" என்று தைரியமாகச் சொன்னேன். உகாதியன்று பார்த்தால் அது ஒரு ராத்திரிகூட ஓடியிருக்கவில்லை. நீங்கள் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள். என் கோபம் அதுதான்.

வாக்கு கொடுத்திருக்கிறீர்கள். பார்க்கலாம். பிளக்கை மட்டுமில்லை, எதையும் தொட வேண்டாம்.

கலைவாணி


ராமகுப்பம்,
12 ஏப்ரல் 2025

கலைவாணிக்கு நைனா எழுதுவது.

கடிதம் முழுக்க "நீங்கள்" என்று போட்டிருக்கிறாய். உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கோவம் இன்னும் குறையலை. பேங்க்காரன் எழுதற மாதிரி எழுதிக்கிறா" என்றாள். எனக்கும் பேங்க்கிலிருந்து நோட்டீஸ் வந்த மாதிரிதான் இருந்தது.

மொழி விஷயம் புரிந்த மாதிரி இருக்கிறது. ஒரு தடவை சொன்னது சொன்னதுதான், மாற்றவே கூடாது, மாற வேண்டுமானால் அது வேறு ஆள் என்கிறாய். அது உன் அம்மா கண்டுபிடித்த மொழியாகத்தான் இருக்கும். நானும் இத்தனை வருஷமாக அந்த மொழியில்தான் குடித்தனம் நடத்துகிறேன், பெயர்தான் தெரியாமல் இருந்தது.

உன் சாரின் கிண்டல்தான் எனக்கு விளங்கவில்லை. தமிழ் வாக்கியத்தைத் தெலுங்கு வார்த்தையில் பேசினால் என்ன தப்பு? இங்கே நாம் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம். கூடு மார்க்கெட்டில் நான் பேசுகிற தெலுங்கைக் கேட்டு வியாபாரி வேங்கடாசலம் பத்து வருஷமாகச் சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே கூட்டை வாங்கிக்கொள்கிறான். புரிந்ததா இல்லையா? ஒரே ஒரு விஷயம், பேச்சை நான் என் இஷ்டத்துக்குப் பேசுவேன், தரம் பிரிக்கிற வேலையை அவன் அவன் வழக்கப்படிதான் செய்வான். "இது முதல் தரம்" என்று நான் எந்த மொழியில் சொன்னாலும் அவன் காதில் விழாது. அதை உன் சாரிடம் சொல்லு. அவர் அரக்கோணத்துக்காரர், எல்லை தாண்டி ஆந்திராவில் குடியிருக்கிற கஷ்டம் அவருக்கு எங்கே தெரியும்?

புழு முந்தாநாள் வந்துவிட்டது. தட்டில் ஏற்றிவிட்டேன். இரண்டு தடவை தோல் உரித்து, இரண்டு தூக்கம் முடிந்த புழு. நல்ல இனம். வந்ததும் துன்ன ஆரம்பித்துவிட்டது. பெட்டியைச் சொருகினேன், பச்சை விளக்கு எரிந்தது. அதோடு சரி. சுவிட்ச் பலகை மேல் பழைய துண்டு ஒன்றைக் கட்டிவிட்டேன். ராத்திரி கை தானாக அந்தப் பக்கம் போகிறது. துண்டு தட்டுப்பட்டதும் உன் முகம் ஞாபகம் வந்து திரும்பி வந்துவிடுகிறேன். தூக்கம்தான் வரவில்லை. மனை பக்கமிருந்து கருகின வாசனை வருகிற மாதிரியே இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் பக்கத்தில் தேவேந்திரன் வீட்டில் வேர்க்கடலை வறுக்கிறார்கள்.

நீ எழுதின தாளை மனைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். "சூட்டைப் பார். கூடுதலாக இருந்தால் தண்ணீர் அடி. கணக்கில் சேர். கொஞ்சம் நில். திரும்பச் செய்." தேவேந்திரன் வந்து படித்துவிட்டு, "இதுக்கா உன் பொண்ணு இன்ஜினீரிங் படிச்சா? இதை நானே சொல்லுவேனே" என்றான். சொல்லுவாய், ஆனால் செய்ய மாட்டாய், பெட்டி செய்கிறது என்றேன். எப்படி?

நைனா


திருப்பதி,
17 ஏப்ரல் 2025

நைனா,

நீ எழுதினதை சடகோபன் சாரிடம் அப்படியே சொன்னேன். வியாபாரி விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "உங்க நைனா என்ன வேலை பண்றாரு?" என்று கேட்டார். பட்டுப்புழு வளர்க்கிறார் என்றேன். "அதான் பேச்சு நூல் மாதிரி வருது" என்றார். அதுக்கப்புறம் என் லூப்பை அவர் கிண்டல் பண்ணவில்லை. "சரி, உன் பாணியிலயே போகட்டும். ஓடுற வரைக்கும் யார் பாணின்னு யாரும் கேக்க மாட்டாங்க. உன் பேர்லயே போகட்டும்" என்று சொல்லிவிட்டார். மே இரண்டாம் தேதி ஃபேக்டரியில் மாட்டப் போகிறோம். சீசன் தொடங்கினால் அந்தக் குளிர் அறையில் பீப்பாய் பீப்பாயாக மாங்கூழ் நிற்கும். லூப் நின்றுபோனால் அவ்வளவும் குப்பை. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

சாரிடம், "இந்தத் தடவை நிஜமாவே ராப்பகலா ஓடுது சார், எங்க நைனா வாக்கு குடுத்திருக்காரு" என்று சொல்லிவிட்டேன். ஓடுகிறதுதானே?

ஹாஸ்டலில் சாம்பார் இனிக்கிறது. அறைத் தோழி நந்திதாவும் நானும் ஊறுகாயை வைத்துத்தான் காலம் தள்ளுகிறோம். அம்மாவிடம் அடுத்த பாட்டிலைச் சொல்லிவிடு. ராத்திரியில் எழுந்து எழுந்து போகாதே நைனா. அந்தப் பெட்டி தின்கிற கரண்டு ஒரு சின்ன பல்பு தின்கிற அளவுதான். வேர்க்கடலைக்கு நான் பொறுப்பில்லை.

கலை


ராமகுப்பம்,
23 ஏப்ரல் 2025

கலைக்கு நைனா எழுதுவது.

நீ "நீ" என்று எழுதியதைப் படித்தேன். அந்தச் சந்தோஷத்தில் உடனே பதில் போட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். ஒரு விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விட்டால் உன் அம்மா போனில் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்லுவாள். அதனால் நானே ஒன்றுக்கு அரையாகச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் புகை அடிக்கவில்லை. புழு கடைசிப் பருவத்தில் இருக்கிறது. இலையைப் போட்டால் மழை பெய்கிற சத்தம் கேட்க வேண்டும். சத்தம் கம்மியாக இருக்கிறதே என்று உள்ளே போனேன். பெட்டியில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிகிறது. சுவரில் தொங்குகிற பழைய தெர்மாமீட்டர் முப்பத்து மூன்று காட்டுகிறது. தண்ணீர் சொட்டு கிடையாது. உனக்குப் போன் பண்ணினேன். பேச மாட்டாய் என்று தெரியும், ஆனாலும் பண்ணினேன். ஆபீசில் போனை லாக்கரில் வைத்துவிடுவீர்கள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சாக்கை நனைத்துச் சுற்றிலும் கட்டினேன். காய்ந்துபோனது. மறுபடி நனைத்தேன். நான் தனியாகக் குடம் குடமாகத் தூக்குவதைப் பார்த்துத் தேவேந்திரன் ஓடி வந்தான். அவனும் தூக்கினான்.

"ஏம்ப்பா, அந்தப் பொட்டியை ஒரு வாட்டி புடுங்கிட்டுச் சொருகிப் பாரேன். எங்க வூட்டு டிவி அப்படித்தான் சரியாவுது" என்றான்.

"முடியாது. வாக்கு குடுத்துக்கிறேன்."

"யாருக்கு?"

"பொண்ணுக்கு."

"புழுவுக்கு என்னா குடுத்துக்கிறே?"

அடுத்த குடத்தைத் தூக்கினேன். சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தேன். பிடுங்கியிருக்கலாம், பிடுங்கிவிட்டு உனக்குச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி எழுதி வைத்துக்கொள்ளுமே. அடுத்த தடவை நீ திறந்து பார்த்து, "நைனா மறுபடியும் புடுங்கிட்டாரு" என்று நினைத்தால், அதற்குப் பிறகு நான் எந்தக் கடிதத்தில் என்ன எழுதி அதைச் சரிபண்ணுவது?

சாயங்காலம் உன் அம்மா டீ கொண்டுவந்தாள். நானும் தேவேந்திரனும் குளத்தில் விழுந்து எழுந்த மாதிரி நிற்கிறோம். பெட்டியைப் பார்த்தாள், துண்டு கட்டின பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். துண்டை அவிழ்த்தாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

"வாக்கு குடுத்தது நீ. நான் ஒண்ணும் குடுக்கலை" என்றாள்.

திரும்பச் சொருகினாள். கொஞ்ச நேரத்தில் புகை உஸ்ஸென்று வந்துவிட்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டீ கொடுக்க மறந்துவிட்டாள்.

கீழ்த் தட்டுப் புழுவெல்லாம் தப்பித்தது. மேல் இரண்டு வரிசையில் சிலது நோய் கண்டு உடம்பு ஊதிப் பால்புழுவாகிவிட்டது, பொறுக்கி எறிந்தேன். பெரிய நஷ்டம் என்று சொல்ல முடியாது. சின்ன நஷ்டம் என்றும் சொல்ல மனசு வரவில்லை. நடுவில் ஒன்று.

பெட்டி மேல் தப்பில்லை. உள்ளே பல்லி போயிருக்கும். இல்லையென்றால் கரண்டு ஏறி இறங்கியிருக்கும். முதல் நாள் தட்டு கழுவும்போது நான்கூடத் தண்ணீர் தெளித்திருப்பேன், என் கை எப்போதும் நிதானமாக இருந்ததில்லை. நீ உன் சாரிடம் தைரியமாக ஓடுகிறது என்று சொல்லு. நான் பிளக்கைத் தொடவில்லை, அதை மட்டும் நம்பு.

நைனா


திருப்பதி,
28 ஏப்ரல் 2025

நைனா,

பல்லி இல்லை. நான்.

கடிதத்தை பஸ்ஸில் வைத்துப் படித்தேன். அம்மா பிடுங்கிச் சொருகினதும் ஓடியது என்ற இடத்துக்கு வந்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. ரேணிகுண்டா வரைக்கும் உட்கார்ந்துகொண்டே போனேன்.

உன் சுவரில் ஒட்டியிருக்கிற தாளைப் பார். "கணக்கில் சேர்" என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கேதான் தப்பு. ஒவ்வொரு சுற்றிலும் சூட்டை மொத்தக் கணக்கில் கூட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தேன், பிறகு சராசரி பார்க்கலாம் என்று. வேறு மொழியாக இருந்தால் கூட்டு என்றால் அந்த நிமிஷமே கூட்டிவிடும். இந்த மொழி சோம்பேறி. திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அதன் குணத்துக்கே அதுதான் பெயர். பதிலை யாராவது கேட்டால்தான் வேலை செய்யும். கூட்டு என்றால், "கூட்ட வேண்டும்" என்று ஒரு சீட்டு எழுதி டப்பாவில் போட்டுக்கொள்ளும். அடுத்த சுற்றில் இன்னொரு சீட்டு. யாராவது மொத்தம் எவ்வளவு என்று கேட்டால்தான் எல்லாச் சீட்டையும் எடுத்துக் கூட்டும். அதற்கு ஒரு பட்டன் வைத்திருந்தேன். எதையும் தொடாதே என்று உன்னிடம் சொன்னதும் நான்தான். நொடிக்குப் பல தடவை சூட்டைப் பார்க்கிற பெட்டி அது. சீட்டு மேல் சீட்டு சேர்ந்து மூச்சுத் திணறி நின்றுவிட்டது. விளக்கு மட்டும் எரியும்.

பிடுங்கினால் சீட்டெல்லாம் போய்விடும். புதுசாக ஆரம்பிக்கும். ஜனவரியிலிருந்து நீ ஒவ்வொரு ராத்திரியும் பிடுங்கினதால்தான் அது நிற்காமல் இருந்தது. அதற்குத்தான் நான் உன்னை உகாதியன்று திட்டிவிட்டு வந்தேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நீளமாகப் பெட்டியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை சாரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்கலாம் என்று ரேணிகுண்டாவிலிருந்து திரும்பி வரும்போது தோன்றியது. யாருக்கும் தெரியாமல் ஒரு வரியை மாற்றிவிட்டால் போதும், வெள்ளிக்கிழமை மாட்டிவிடலாம். ஆனால் ராமகுப்பத்தில் ராப்பகலாக ஓடுகிறது என்று மறுபடி ஒரு பொய்யைச் சொல்ல வேண்டியிருக்கும். இந்தத் தடவை அது உன்னால் வந்த பொய்யாக இருக்காது.

சார் திரையில் வரி வரியாகப் படித்துப் பார்த்தார். "லூப்புல தப்பு இல்லைம்மா. நீ நம்ம பேச்சுல சொன்னே, அது அதோட வழக்கத்துல கேட்டுக்கிச்சு. அந்த வியாபாரி கதைதான்" என்றார். பிறகு ஃபேக்டரிக்குப் போன் பண்ணி தேதியைத் தள்ளிவைத்தார். போனில் அந்தப் பக்கம் கத்தினது எனக்கே கேட்டது. என் வேலை நிரந்தரமாவது என்னாகும் என்று இன்னும் தெரியாது.

இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் பெட்டி மறுபடி நின்றுவிடும். அதனால் அம்மாவுக்குப் போன் பண்ணி, கூடு கட்டும் வரை தினமும் ராத்திரி பிடுங்கிக் காலையில் சொருகச் சொல்லிவிட்டேன். நீ செய்த மாதிரியே.

கலை


ராமகுப்பம்,
4 மே 2025

கலைக்கு,

உன் அம்மாவுக்கு நீ கொடுத்த உத்தியோகத்தை அவள் கலெக்டர் உத்தியோகம் மாதிரி பார்க்கிறாள். சாயங்காலமானால் முகம் கழுவிக்கொண்டு மனைக்குப் போய் பிளக்கைப் பிடுங்குகிறாள். நான் கிட்டே போனால், "நீ தள்ளு. உனக்கு ஆர்டர் இல்லை" என்கிறாள். இத்தனை மாசம் சம்பளமில்லாமல் பார்த்த வேலை, ஒரே போனில் பறிபோய்விட்டது.

கூடு கட்டிவிட்டது. போன தடவையைவிடக் கம்மிதான். மார்க்கெட்டில் வேங்கடாசலம் கையில் எடுத்துப் பார்த்து, "ஈ சாரி, இந்த வாட்டி கொஞ்சம் லைட்டா இருக்கே ஏகாம்பரம்" என்றான். வெயில் என்றேன். காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ எழுதினதைப் படித்துவிட்டுத் தேவேந்திரன், "அப்ப உனக்கு முன்னாடியே தெரிஞ்சிக்குது, அதான் புடுங்கிக்கினு இருந்தே" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். தயவுசெய்து நீயும் அப்படி நினைத்துவிடாதே. எனக்கு ஒன்றும் தெரியாது. பயந்து பிடுங்கினேன். ஃப்ரிட்ஜையும் அதே பயத்தில்தான் பிடுங்கினேன், அங்கே பால்தான் திரிந்தது. என் புத்தி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சீட்டு எழுதிப் போட்டுவிட்டு யாராவது கேட்டால்தான் வேலை செய்வது என்ற குணத்தைப் படித்ததும் உன் அம்மா என்னையே பார்த்தாள். மனைக்கூரை ஓடு மாற்ற வேண்டும் என்று அவள் போன ஆடியில் சொன்னாள். சீட்டு பத்திரமாக இருக்கிறது.

சாரிடம் நீயே போய்ச் சொன்னாயே, அது எனக்குக் கூடு விலையைவிடப் பெரிய விஷயம். அதை எப்படி எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் ஓடு மாற்றுவதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நைனா


திருப்பதி,
10 மே 2025

நைனா,

இரண்டு செய்தி. நிரந்தரம் இப்போது இல்லை. இன்னும் மூன்று மாசம் பார்க்கலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சார் எனக்காகப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. முதல் நாள் சோறு இறங்கவில்லை. இப்போது இறங்குகிறது, சாம்பார்தான் இன்னும் இனிக்கிறது.

இன்னொன்று, என் லூப்பை எடுக்கச் சொல்லவில்லை. சார் தன் பாணியில் மாற்றி எழுதிக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது, அவருக்கு மட்டும் புரிகிற மாதிரி. பிறகு அவரே, "நாளைக்கு ஃபேக்டரியில ஒருத்தன் படிக்கணும்னா உன்னதுதான் படிப்பான்" என்று என்னுடையதையே வைத்துக்கொண்டார். "திரும்பச் செய்" அப்படியே இருக்கிறது. கணக்கு வரியை மட்டும் மாற்றியிருக்கிறேன். இனி கூட்டு என்றால் அப்போதே கூட்டும், சீட்டு எழுதாது. ஃபேக்டரிக்குத் தர இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. அதற்குள் ஒரு முழுப் பருவம் எங்கேயாவது நிற்காமல் ஓட வேண்டும். எங்கே என்று சார் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே, "ராமகுப்பமா?" என்றார்.

குப்பம் போகிற பஸ்ஸில் புதுப் புரோகிராம் இருக்கிற சின்ன கார்டையும், கரண்டு போனால் தாங்க ஒரு பேட்டரியையும் கொடுத்தனுப்புகிறேன். பழைய கார்டை உருவிவிட்டு இதைப் போடு. அம்மாவுக்குக் கொடுத்த ஆர்டர் அன்றோடு ரத்து.

வாக்கு எதுவும் வேண்டாம் நைனா. பயமாக இருந்தால் பிடுங்கிவிடு, பிடுங்கினேன் என்று எழுதிவிடு. நின்றுபோனாலும் எழுதிவிடு. பல்லி என்று எழுதாதே.

கலை


ராமகுப்பம்,
5 ஜூன் 2025

கலைக்கு நைனா எழுதுவது.

வாக்கு வேண்டாம் என்று எழுதி என்னைப் பெரிய சிக்கலில் மாட்டிவிட்டாய். வாக்கு இருந்தபோது அது காவலுக்கு நின்றது. கை போனால் அது தடுத்தது. இந்தத் தடவை துண்டும் கட்டவில்லை. பிளக் வெட்டவெளியில், எட்டினால் தொடுகிற தூரத்தில். ஒவ்வொரு ராத்திரியும் நானாகவே தொடாமல் இருக்க வேண்டியிருந்தது. கருகின வாசனை வந்தால் வேர்க்கடலை, வேர்க்கடலை என்று சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தேன். ஒரு ராத்திரி நிஜமாகவே எழுந்து போனேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரிவதை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆகவே அங்கேயே இலைக் கூடை மேல் உட்கார்ந்து, புகை வருகிறதா என்று பார்த்தேன். உஸ்ஸென்று வந்தது. நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. சுவரில் இருந்த உன் தாளையும் பார்த்துக்கொண்டேன். அது எழுதினபடியே செய்துகொண்டிருந்தது. திரும்பி வந்து தூங்கிவிட்டேன். அதற்குப் பிறகு நன்றாகவே தூங்குகிறேன்.

புழு தட்டில் ஏறின நாளிலிருந்து கூடு பிரிக்கிற வரைக்கும் யாரும் பிடுங்கவில்லை. நானும் இல்லை, உன் அம்மாவும் இல்லை. கரண்டு இரண்டு தடவை போனது, ஆனால் நீ அனுப்பின பேட்டரி தாங்கிக்கொண்டது. பெட்டியைத் திறந்து பார், அதுவே சொல்லும். நின்றுபோகவில்லை கலை. உன் சாரிடம் ராமகுப்பத்தில் ராப்பகலாக ஓடுகிறது என்று சொல்லு. இந்தத் தடவை யார் கேட்டாலும் சொல்லு.

வேங்கடாசலம் கூட்டைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "பாகுந்தி, நல்லா இருக்குதே, என்னா பண்ணே?" என்றான். என் தெலுங்கில் லூப்பை விளக்கிச் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டான். முதல் தரத்தில் போட்டான். லூப் புரிந்து போட்டானா, நான் நிறுத்தினால் போதும் என்று போட்டானா, தெரியாது.

ஒரு குறை. சாயங்காலமானால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதற்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்று டிவி பிளக்கைப் பிடுங்க ஆரம்பித்திருக்கிறேன். உன் அம்மா சீரியல் பார்க்கிற நேரமும் அதுதான். "யோவ்" என்கிறாள். டிவிக்கு நான் யாருக்கும் வாக்கு கொடுக்கவில்லை என்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குக் கவர் வாங்கப் போனேன். போஸ்டாபீஸ் பெண், "கேஸ் என்னாச்சு அண்ணா?" என்று கேட்டது.

"ராஜி ஆயிப்போச்சும்மா."

"அப்ப இன்னும் எதுக்கு கவர்?"

சில்லறையை எடுத்து நீட்டினேன். ஒன்று வாங்கப் போனவன் இரண்டாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன் பண்ணு.

நைனா